குழந்தைகள் ராக்கெட்டில் ஏறிப் போவது சினிமாவில் மட்டும்தானா? ஸ்ரீஹரிகோட்டாவின் பக்கத்து ஊர்களில் இருந்து ஒரு முழு விளக்கம்!

நாலு பசங்க, ஒரு ராக்கெட், தவறுதலாக நடக்கும் ஒரு சம்பவம். அடுத்த காட்சியில் அவர்கள் விண்வெளியில் மிதந்துகொண்டிருப்பார்கள். விடுமுறை நாட்களில் குழந்தைகள் விரும்பிப் பார்க்கும் அறிவியல் புனைவுப் படங்களில் இப்படி ஒரு தனி வகையே இருக்கிறது. படம் முடிந்ததும் வீட்டில் எழும் கேள்வியும் ஒன்றுதான்: "நானும் இப்படிப் போக முடியுமா?"

மற்ற ஊர்களில் இந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் அது கொஞ்சம் கஷ்டம். கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், பழவேற்காடு பகுதிகளில் இருக்கும் பிள்ளைகள் நிஜ ராக்கெட்டை மொட்டைமாடியில் நின்றே பார்க்கிறவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. இங்கே "அதெல்லாம் வெறும் சினிமா" என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அப்படியென்றால் இந்தப் படங்களில் எது நிஜம், எது கற்பனை? இதுவரை விண்வெளிக்குப் போன மிகச் சின்ன வயதுக்காரர் யார்? தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் உண்மையில் விண்வெளிக்கு அனுப்பியது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குழந்தைகள் விண்வெளிக்குப் போகும் படங்கள்: கதை என்ன?

இந்த வகைப் படங்களுக்கு ஹாலிவுட்டில் 1980-கள்தான் பொற்காலம். 1985-ல் வந்த 'எக்ஸ்ப்ளோரர்ஸ்' படத்தில் மூன்று சிறுவர்கள் கிடைத்த பழைய பொருட்களை வைத்தே ஒரு விண்கலம் செய்து பறக்கிறார்கள். 1986-ல் டிஸ்னி வெளியிட்ட 'ஃப்ளைட் ஆஃப் தி நேவிகேட்டர்' படத்தில் 12 வயது பையன் ஒருவன் காணாமல் போய், 8 வருடம் கழித்து அதே 12 வயதோடு திரும்பி வருகிறான். 2005-ல் வந்த 'ஸதூரா' இன்னும் ஒரு படி மேலே போனது. அண்ணன் தம்பி இருவர் ஒரு பழைய பலகை விளையாட்டை ஆட ஆரம்பிக்க, வீடே விண்வெளியில் மிதக்கத் தொடங்கிவிடும்.

இதில் நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்த படம் 1986 ஜூன் மாதம் வெளியான 'ஸ்பேஸ்கேம்ப்'. கோடைக்கால விண்வெளி முகாமுக்கு வந்த மாணவர்கள், தங்கள் பயிற்சியாளரோடு ஒரு விண்வெளி ஓடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று நடப்பது எஞ்சின் சோதனை மட்டும்தான், ராக்கெட் பறக்கப் போவதில்லை. ஆனால் பக்கவாட்டு பூஸ்டர்களில் ஒன்று பற்றிக்கொள்ள, மற்றொன்றையும் பற்றவைத்து மேலே அனுப்புவதைத் தவிர தரைக் கட்டுப்பாட்டு அறைக்கு வேறு வழியில்லாமல் போகிறது. பறக்கத் தயாராகாத ஓடம் என்பதால் ஆக்சிஜன் போதாது. பூமியோடு பேச நீண்ட தூர வானொலியும் கிடையாது. மீதிப் படம் முழுக்க அந்தப் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதுதான்.

படத்தில் சின்னப் பையனாக நடித்தவர் யார் தெரியுமா? பின்னாளில் 'ஜோக்கர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய ஹோவாக்கின் ஃபீனிக்ஸ்! அவருக்கு இதுதான் முதல் திரைப்படம்.

தமிழ் சினிமாவில் இப்படி உண்டா?

தமிழுக்கு விண்வெளி புதிதல்ல. மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு 6 வருடம் முன்பே, 1963-ல், எம்.ஜி.ஆர். - பானுமதி நடித்த 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் இசை தெரிந்த ஒரு பெண்ணைப் பூமியில் இருந்து தூக்கிச் செல்வதுதான் கதை. 2024 பொங்கலுக்கு வந்த சிவகார்த்திகேயனின் 'அயலான்' படத்தில் வேற்றுக்கிரகவாசி சென்னைக்கே வந்து இறங்கினார்.

திருவள்ளூர் பக்கத்து ரசிகர்களுக்கு நெருக்கமானது 2018 ஜூன் 22-ல் வெளியான 'டிக் டிக் டிக்'. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த இந்தப் படத்தில், விண்கல் முதலில் விழும் இடமே எண்ணூர்தான். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தினமும் கடக்கிற அதே எண்ணூர்! அடுத்து அதைவிடப் பல மடங்கு பெரிய விண்கல் வருவது தெரிந்து, அதைத் தகர்க்க ஒரு குழு விண்வெளிக்குக் கிளம்புகிறது. ஜெயம் ரவியின் நிஜ மகன் ஆரவ், படத்திலும் மகனாகவே நடித்திருந்தார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். ஹாலிவுட் பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டுப் பெற்றோரைக் கீழே பதற வைக்கிறது. நம்ம ஊர் 'டிக் டிக் டிக்' படத்தில் அப்பா மேலே போகிறார், பிள்ளை கீழே காத்திருக்கிறது. நிஜ வாழ்க்கையில் இது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

தெரியாமல் பட்டனை அழுத்தினால் ராக்கெட் கிளம்பிடுமா?

நேரடியான பதில்: கிளம்பாது. ஆனால் 'ஸ்பேஸ்கேம்ப்' படம் சொன்ன ஒரு விஷயம் மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. திட எரிபொருள் பூஸ்டர் ஒருமுறை பற்றிக்கொண்டால் அதை அணைக்க முடியாது.

தீபாவளிக்கு விடும் புஸ்வாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரி பற்றிவிட்டால் உள்ளே இருக்கும் மருந்து தீரும் வரை அது எரிந்தே தீரும். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம், எல்.வி.எம்.3 ராக்கெட்டின் இரண்டு பக்கவாட்டு பூஸ்டர்கள், எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று கட்டங்கள் எல்லாமே இந்த வகைதான். திரவ எரிபொருள் எஞ்சினில் குழாயை மூடுவது போல வால்வை மூடி நிறுத்தலாம். திட எரிபொருளில் அந்த வாய்ப்பே கிடையாது.

அதனால்தான் பற்றவைப்பதற்கு முந்தைய நிமிடங்களுக்கு அவ்வளவு முக்கியத்துவம். ஸ்ரீஹரிகோட்டாவில் கடைசி நிமிடங்களில் கட்டுப்பாட்டை மனிதர்களிடம் இருந்து கணினி எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான அளவீடுகளை அது தொடர்ந்து சரிபார்க்கும். ஒன்று பிசகினாலும் கவுன்ட்டவுனை அதுவே நிறுத்திவிடும்.

இதை நாடே நேரலையில் பார்த்த நாள் ஒன்று உண்டு. 2023 அக்டோபர் 21. மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான முதல் சோதனை ராக்கெட் அன்று தயாராக நின்றது. ஏவுவதற்கு வெறும் 5 விநாடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, அதே நாள் காலை 10 மணிக்கு ராக்கெட்டை ஏவினார்கள்.

அன்று சோதிக்கப்பட்டது என்ன தெரியுமா? பறக்கும்போது ஆபத்து வந்தால் வீரர்கள் இருக்கும் கூண்டை ராக்கெட்டில் இருந்து பிய்த்து எடுத்துத் தூரமாகக் கொண்டுபோகும் தப்பிக்கும் அமைப்பு. ஆள் இல்லாத அந்தக் கூண்டு பாராசூட் விரித்து வங்கக் கடலில் இறங்க, கடற்படை அதை மீட்டது. படத்தில் பிள்ளைகள் உட்கார்ந்த ஓடத்தில் இப்படி ஒரு வசதி கிடையாது. அந்தக் காலத்து நிஜ விண்வெளி ஓடத்திலும் கிடையாது. அதன் விலை என்ன என்பது அந்தப் படம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே தெரிந்துவிட்டது.

சேலஞ்சர் விபத்து: படத்தை மௌனமாக்கிய நிஜம்

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப். அவர் பள்ளி ஆசிரியை. விண்வெளியில் இருந்தபடியே மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்பதற்காகத் தேர்வு செய்யப்பட்டவர். அதனாலேயே அமெரிக்கா முழுக்கப் பல வகுப்பறைகளில் குழந்தைகள் அந்த ஏவுதலை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விபத்துக்குக் காரணம், திட எரிபொருள் பூஸ்டரின் இணைப்பில் இருந்த ஒரு ரப்பர் வளையம். கடும் குளிரில் அது இறுகிப்போனதால் சூடான வாயு கசிந்து வெளியே பீறிட்டது.

'ஸ்பேஸ்கேம்ப்' படம் விபத்துக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் வெளியானபோது, பூஸ்டர் கோளாறால் பிள்ளைகள் விண்வெளிக்குப் போகும் கதையை ஜாலியாகப் பார்க்கும் மனநிலையில் அங்கே யாரும் இல்லை. படம் தோல்வி அடைந்தது. மெக்காலிஃபுக்கு மாற்றாகப் பயிற்சி எடுத்த ஆசிரியை பார்பரா மோர்கன், 21 வருடம் காத்திருந்து 2007 ஆகஸ்ட்டில் விண்வெளிக்குப் போனார்.

இதுவரை போன மிகச் சின்ன வயதுக்காரர் யார்?

18 வயது நிரம்பாத யாரும் இதுவரை விண்வெளிக்குப் போனதில்லை. அதுதான் நிஜம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆலிவர் டேமன் 2021 ஜூலை 20-ல் ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் ராக்கெட்டில் போனபோது அவருக்கு வயது 18. அதே பயணத்தில் 82 வயது வாலி ஃபங்கும் இருந்தார். ஆனால் இது பூமியைச் சுற்றி வந்த பயணம் இல்லை. 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டிப் போய், சில நிமிடங்கள் மிதந்துவிட்டு, சுமார் 10 நிமிடத்தில் தரைக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த இருக்கையை முதலில் ஏலத்தில் எடுத்தவர் கேட்ட தொகை 2.8 கோடி டாலர். அவர் தேதியை மாற்றிக்கொண்டதால்தான் டேமனுக்கு வாய்ப்பு கிடைத்தது.

பூமியைச் சுற்றி வந்தவர்களில் மிக இளையவர் சோவியத் வீரர் கெர்மன் டிட்டோவ். 1961 ஆகஸ்ட் 6-ல் கிளம்பியபோது அவருக்கு வயது 25. விண்வெளியில் முதன்முதலில் தூங்கியவரும் அவர்தான், முதன்முதலில் குமட்டலால் அவதிப்பட்டவரும் அவர்தான்.

குழந்தைகளுக்கு நம்பிக்கை தரும் இன்னொரு பெயர் ஹேலி ஆர்சினோ. சிறுவயதில் எலும்புப் புற்றுநோயில் இருந்து மீண்டவர். காலில் செயற்கை எலும்பு பொருத்தப்பட்ட அவர், 2021 செப்டம்பரில் தன் 29-வது வயதில் பூமியைச் சுற்றி வந்தார்.

ஏன் குழந்தைகளை அனுப்புவதில்லை?

முதல் காரணம் எலும்பு. விண்வெளியில் உடல் எடையைத் தாங்க வேண்டிய வேலை எலும்புக்கு இல்லை. வேலை இல்லாத எலும்பு இளைக்கத் தொடங்கும். இடுப்பு, கால் போன்ற எடை தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு சுமார் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. இதைத் தடுக்க வீரர்கள் அங்கே தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். வளர்ந்து முடித்த பெரியவர்களுக்கே இந்த நிலை. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க எந்த நாடும் துணியாது.

அடுத்தது கதிர்வீச்சு. பூமியில் ஒரு வருடம் முழுக்க இயற்கையாக நம் உடலில் சேரும் அளவு கதிர்வீச்சு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு வாரத்துக்குள் சேர்ந்துவிடும். செல்கள் வேகமாகப் பிரிந்து வளரும் வயதில் அதன் பாதிப்பு கூடுதல். பின்னாளில் புற்றுநோய் வருவதற்கு அவர்களுக்கு முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது.

மூன்றாவது காரணத்தைப் படங்கள் பேசுவதே இல்லை. அது சம்மதம். ராக்கெட்டில் ஏறுகிறவர் உயிர் போகும் வாய்ப்பு உண்டு என்பதைப் புரிந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு 10 வயதுக் குழந்தையால் அதைப் புரிந்து முடிவெடுக்க முடியாது. அதற்குப் பதிலாக அப்பா, அம்மா முடிவெடுக்கவும் கூடாது. ப்ளூ ஆரிஜின் போன்ற தனியார் நிறுவனங்களே 18 வயதை எல்லையாக வைத்திருப்பது இதனால்தான்.

இந்தியாவிலும் நிலைமை இதுவேதான். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா போனபோது அவருக்கு 35 வயது. 2025 ஜூன் 25-ல் கிளம்பி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கித் திரும்பிய சுபான்ஷு சுக்லாவுக்கு 39 வயது. ககன்யானுக்காகத் தேர்வான நால்வரும் அனுபவம் வாய்ந்த விமானப்படை விமானிகள். அதில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

சரி, குழந்தைகள் அனுப்பியது என்ன?

இங்கேதான் கதை மாறுகிறது. பிள்ளைகள் போக முடியாது. ஆனால் பிள்ளைகள் செய்த பொருள் போகலாம், போயிருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக், 18 வயதில் தன் குழுவோடு சேர்ந்து 64 கிராம் எடையில் 'கலாம்சாட்' என்ற குட்டிச் செயற்கைக்கோளை உருவாக்கினார். சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு இதற்குத் துணை நின்றது. 2017 ஜூன் 22-ல் நாசாவின் ஆய்வு ராக்கெட் அதைச் சுமந்து சென்றது. இந்த ராக்கெட் மேலே போய்த் திரும்பிவிடும், பூமியைச் சுற்றாது. 2019 ஜனவரி 24-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. சி-44 ராக்கெட்டில் போன 'கலாம்சாட் வி-2' நிஜமாகவே சுற்றுப்பாதையை அடைந்தது.

அடுத்து வந்ததுதான் 'ஆசாதிசாட்'. சுதந்திரத்தின் 75-வது ஆண்டுக்காக நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து செய்தது. ஒவ்வொன்றும் சுமார் 50 கிராம் எடையில் 75 கருவிகள், மொத்தம் 8 கிலோ. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் இதில் பங்கேற்றார்கள். சிப்பில் புரோகிராம் எழுதுவது எப்படி என்று கற்றுக்கொண்டு, வெப்பநிலை, கதிர்வீச்சு போன்றவற்றை அளக்கும் கருவிகளை அவர்கள் தயார் செய்தார்கள்.

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 9.18 மணி. இஸ்ரோவின் புதிய சிறிய ரக ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அதுவே முதல் பயணம். அதில்தான் ஆசாதிசாட் ஏறியது. மாணவிகள் பலர் ஸ்ரீஹரிகோட்டாவுக்கே வந்து பார்த்தார்கள். ராக்கெட் அழகாகக் கிளம்பியது. கைதட்டல் எழுந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கடைசியில் தகவல் வருவது நின்றுபோனது.

நடந்தது என்ன? இரண்டாம் கட்டம் பிரியும்போது ராக்கெட்டில் மிகச் சிறிது நேரம் ஓர் அதிர்வு ஏற்பட்டது. அந்த அதிர்வைப் பார்த்த கணினி, வேகத்தை அளக்கும் உணரிகள் கெட்டுவிட்டன என்று தப்பாக முடிவெடுத்து, ஆபத்துக்காலத் திட்டத்துக்குத் தாவிவிட்டது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர் என்ற கோணலான பாதையில் விடப்பட்டன. 76 கிலோமீட்டரில் காற்றின் உராய்வு இருக்கும். அங்கே எந்தச் செயற்கைக்கோளும் நிலைக்காது. 750 மாணவிகளின் உழைப்பு அன்றே போனது.

சினிமாவாக இருந்தால் கடைசி நிமிடத்தில் யாராவது ஒரு பையன் ஒயரை மாற்றிச் செருகிக் காப்பாற்றியிருப்பான். நிஜத்தில் அதற்கு ஆறு மாதம் ஆனது. இஸ்ரோ தவறைக் கண்டறிந்து வெளியே சொன்னது. கட்டத்தைப் பிரிக்கும் அமைப்பும், கணினி முடிவெடுக்கும் முறையும் திருத்தப்பட்டன. மாணவிகள் பக்கத்தில் 'ஆசாதிசாட்-2' தயாரானது.

2023 பிப்ரவரி 10. அதே ஏவுதளம், அதே காலை 9.18 மணி. எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாவது ராக்கெட் 8.7 கிலோ எடையுள்ள ஆசாதிசாட்-2ஐ 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தியது.

'செயற்கைக்கோள்' என்று செய்தி வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

மாணவர்கள் செயற்கைக்கோள் அனுப்பினார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எல்லாமே ஒரே ரகம் இல்லை. மூன்று வகை உண்டு.

பலூனில் அனுப்புவது: ஹீலியம் பலூன் சுமார் 30 கிலோமீட்டர் உயரம் வரை போகும். இது விண்வெளி இல்லை. ஆனால் கருவி செய்யப் பழகுவதற்கு நல்ல பயிற்சி. 2021 பிப்ரவரி 7-ல் ராமேஸ்வரத்தில் இருந்து மாணவர்கள் செய்த 100 குட்டிக் கருவிகள் இப்படித்தான் அனுப்பப்பட்டன.

ஆய்வு ராக்கெட்டில் அனுப்புவது: மேலே போய்ச் சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடும். முதல் கலாம்சாட் இந்த வகை.

சுற்றுப்பாதையில் விடுவது: மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆசாதிசாட்-2, கலாம்சாட் வி-2 இரண்டும் இந்த வகை. 2009-ல் அண்ணா பல்கலைக்கழகம் அனுப்பிய 40 கிலோ 'அனுசாட்'டும் இதே வகைதான். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது.

பள்ளியில் பணம் கட்டி இப்படி ஒரு திட்டத்தில் சேரச் சொன்னால், இதில் எது என்று பெற்றோர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கும்மிடிப்பூண்டியில் இருந்து ராக்கெட்டைப் பார்ப்பது எப்படி?

ஏவும் நேரத்தை இஸ்ரோ முன்கூட்டியே அறிவிக்கும். கும்மிடிப்பூண்டியில் இருப்பவர்கள் வடக்கில் இருந்து சற்றே கிழக்காகப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் இருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேர் வடக்கு. வானம் தெளிவாக இருந்தால் ஆரஞ்சு நிறத் தீயும், பின்னால் வெள்ளைப் புகைக் கோடும் தெரியும். இரவு ஏவுதல் என்றால் இன்னும் விசேஷம்.

சத்தம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். 35 கிலோமீட்டர் தாண்டி வர ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். காற்றும் ஒத்துழைத்தால் தூரத்து இடி போல ஒரு உறுமல் கேட்கும். அந்தச் சத்தம் காதுக்கு வரும் நேரத்தில் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் எரிந்து முடிந்து கழன்றுவிழும் நிலையில் இருக்கும். அதாவது, கண்ணுக்கு ராக்கெட் மறைந்த பிறகுதான் காதுக்கு அது கிளம்புகிறது!

நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2019 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் மாடம் இருக்கிறது. சுமார் 5,000 பேர் உட்காரலாம். இஸ்ரோ இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை அவசியம். கும்மிடிப்பூண்டியில் இருந்து அதே ரயில் பாதையில் ஆரம்பாக்கம், தடா தாண்டி சூளூர்பேட்டையில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் இன்னொரு பக்கமும் உண்டு. ஏவுதல் நாட்களில் பழவேற்காடு சுற்றுவட்டார மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை விதிக்கப்படும். ராக்கெட்டின் கழன்ற பாகங்களோ, கோளாறானால் சிதறும் துண்டுகளோ படகின் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பாதுகாப்புக்குத்தான் என்றாலும், அன்றைய வருமானம் அவர்களுக்கு இல்லை. மொட்டைமாடியில் கைதட்டும் அதே காலையில், கரையில் படகுகள் சும்மா நிற்கும்.

மாணவர்கள் இப்போது என்ன செய்யலாம்?

9-ம் வகுப்பு படிப்பவர்களுக்கு இஸ்ரோ 2019 முதல் 'யுவிகா' என்ற இளம் விஞ்ஞானி பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. கோடை விடுமுறையில் சுமார் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களிலேயே தங்கிப் பயிற்சி பெறலாம். செலவை இஸ்ரோ ஏற்கும். 8-ம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சிப் பங்கேற்பு போன்றவை கணக்கில் கொள்ளப்படும். கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. அறிவிப்பு இஸ்ரோ இணையதளத்தில்தான் வரும். பள்ளியில் யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தால் தேதி தாண்டிவிடும்.

தென் தமிழ்நாட்டிலும் வாய்ப்பு வருகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆசாதிசாட் போன்ற சிறிய செயற்கைக்கோள்களைச் சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளுக்காகவே அமைவது அது. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே போகும் ராக்கெட்டுகள் இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போக வேண்டியிருக்கிறது. இதனால் எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்தில் இருந்து நேராகத் தெற்கே அனுப்பலாம்.

ஆக, "நானும் போக முடியுமா?" என்று பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: இப்போது போக முடியாது, 18 வயதுக்கு முன்னால் யாரும் போனதில்லை. ஆனால் 50 கிராம் எடையில் ஏதாவது செய்யத் தெரிந்தால், அது உனக்கு முன்னால் போய் வரும். முதல் தடவை கடலில் விழுந்தாலும் இரண்டாவது தடவை போகும். 750 பேர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள், கும்மிடிப்பூண்டியில் இருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.